காவல்காரரின் மகன் வீட்டைக் கேட்டபோது: ஒரு செட்டிநாட்டு வழக்கின் முழு விவரம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிவில் வழக்கு நடத்துகிறவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பங்காளிகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கும். பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்திருப்பார்கள். அவர் காலமானதும் அவருடைய பிள்ளைகள் "இது எங்க வீடு" என்று நிற்பார்கள். அப்படி நான் நடத்திய வழக்கு ஒன்றைத் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஊரையும் பெயரையும் சொல்லவில்லை. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டத்தை மட்டும் உள்ளபடியே சொல்கிறேன்.

வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் வந்ததும் கேட்பது, "எப்படி சார் அவனை வெளியேற்றுவது?" என்றுதான். அதற்கு முன்னால் நான் கேட்பது வேறு: அவர் உள்ளே எப்படி வந்தார்? பூட்டை உடைத்தா, வாடகைக்கா, வேலைக்கா, உறவு முறையிலா? எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம், எத்தனை ஆண்டுக்குள், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அதற்கான பதிலைப் பொறுத்தது. வீட்டுப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் இந்தப் பதிலுக்கான காகிதத்தைத்தான் தொலைத்துவிடுகின்றன.

வீடும் பங்கும்

இரண்டு தெருவுக்கு இடைப்பட்ட வீடு. முன்தெருவில் முகப்பு, பட்டாலை. அடுத்து வளவு என்கிற நடுமுற்றம், அதைச் சுற்றி அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி. பின்கட்டுக் கதவைத் திறந்தால் அடுத்த தெரு. பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தளம். 1941-ல் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது. அதன்படி வீடு இரண்டு சகோதரர்களுக்கு வந்தது. இன்றைக்கு அது 11 புள்ளிக்கு, அதாவது பங்குள்ள 11 தனிக் குடும்பங்களுக்குச் சொந்தம்.

பங்கு பெருகப் பெருகப் பொறுப்பு குறையும் என்பது இந்த வட்டாரத்தின் பெரிய சிக்கல். ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் ஓர் அறை உண்டு. ஆனால் ஓடு மாற்றுவதற்கும் வரி கட்டுவதற்கும் யாராவது ஒருவர்தான் முன்னால் நிற்பார். இந்த வீட்டில் அப்படி நின்றவர் மூத்த செட்டியார். 1988-ல் அவர்தான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து பின்கட்டில் ஓர் அறையைக் கொடுத்தார். விளக்குப் போடுவது, கூட்டிப் பெருக்குவது, மழைக்கு முன் ஓட்டைப் பார்ப்பது அவர் வேலை. மாதச் சம்பளம் உண்டு. அறைக்கு வாடகை கிடையாது. எழுத்தில் எதுவும் இல்லை.

மூத்த செட்டியார் 2006-ல் காலமானார். அவர் மனைவி ஆச்சி சென்னையிலிருந்து காவல்காரரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பி வந்தார். 2013-ல் அதுவும் நின்றது. ஆச்சிக்கு உடம்பு சரியில்லாமல் போக, "நீங்க பாருங்க, நாங்க பாக்குறோம்" என்று பங்காளிகள் ஒருவரையொருவர் நம்பியிருந்துவிட்டார்கள். 2015-ல் காவல்காரர் இறந்தார். யாரும் வந்து சாவியைக் கேட்கவில்லை. அவர் மகன் பின்கட்டிலிருந்து இரண்டாம் கட்டுக்கு வந்தார், அங்கிருந்து வளவுக்கு வந்தார். அடுத்த ஆண்டே முகப்பைச் சாமியானா, பாத்திரம் வாடகைக்கு விடும் கடைக்காரர் ஒருவருக்குக் கிடங்காகக் கொடுத்து மாத வாடகை வாங்க ஆரம்பித்தார். 2017-ல் வீட்டுவரி ரசீது அவர் பெயருக்கு மாறியது.

2018-ல் படைப்புக்காக, அதாவது முன்னோர்க்குப் படைத்துக் கும்பிடும் குடும்ப வழிபாட்டுக்காகப் பங்காளிகள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். முன்கதவு திறக்கவில்லை. "ஆச்சி, வந்தீங்கன்னா முகப்புல உக்காந்துட்டுப் போங்க. உள்ள விட முடியாது. எங்கப்பா காலத்துலேர்ந்து இது எங்க இடம்" என்றார் அந்த மகன். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அறுபது ஆண்டு கண்ட ஒருவரிடம் சொன்ன வார்த்தை அது. அன்று படைப்பு வேறொரு பங்காளி வீட்டில் நடந்தது.

ஆள் கூட்டி வந்ததால் வந்த வினை

அடுத்த வாரம் சென்னையிலிருந்து இளைய பங்காளி ஒருவர் நான்கைந்து பேரோடு வந்து பின்கட்டுப் பூட்டை உடைத்து, பாத்திரம் பண்டங்களைத் தெருவில் எடுத்து வைத்தார். கோபம் நியாயமானதுதான். ஆனால் அன்று மாலையே அவர் மேல் புகார் பதிவானது. பத்து நாளுக்குள் காவல்காரரின் மகன் நீதிமன்றத்தில் நிரந்தரத் தடை கேட்டு வழக்குப் போட்டு, "சட்டப்படி அன்றி வெளியேற்றக் கூடாது" என்று இடைக்கால இன்ஜங்ஷன் வாங்கிவிட்டார். வீட்டுக்காரர்கள் வாதிகளாக நிற்க வேண்டிய விவகாரத்தில் பிரதிவாதிகளாக நின்றார்கள்.

அத்துமீறி வந்தவரே ஆனாலும், நிலைத்த அனுபவத்தில் (சொத்தைக் கையில் வைத்திருப்பதைத்தான் சட்டம் அனுபவம் என்கிறது) இருப்பவரை உண்மையான சொந்தக்காரர்கூடப் பலத்தைக் காட்டி வெளியேற்ற முடியாது. 2003-ல் ராமே கௌடா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இரண்டு நாளைக்கு முன் சுவரேறிக் குதித்தவருக்கு இது பொருந்தாது. அவரை அப்போதே தடுக்கலாம், வெளியேற்றலாம். சொந்தக்காரருக்குத் தெரிந்தும் தடுக்காமல் நாள்கணக்கில் கிடந்து, அனுபவம் ஊன்றிப்போனால் பிறகு நீதிமன்றம்தான் வழி. அது மட்டுமல்ல, பலத்தால் வெளியேற்றப்பட்டவர் 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம் 6-ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், சொத்து யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் அனுபவத்தைத் திரும்ப வாங்கிவிடலாம். அந்தத் தீர்ப்பின்மேல் மேல்முறையீடும் கிடையாது. ஆகவே ஆள் கூட்டி வந்து வென்றாலும் அந்த வெற்றி நிலைக்காது.

இதே 6-ஆம் பிரிவு வீட்டுக்காரருக்கும் ஆயுதம்தான். முன்பின் தெரியாதவர் பூட்டை உடைத்து வந்து உட்கார்ந்தால் இதைவிட வேகமான சிவில் வழி இல்லை. பத்திரத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. நேற்று வரை என் கையில் இருந்தது, என் சம்மதமில்லாமல் பறித்தார் என்று காட்டினால் போதும். ஆனால் ஆறு மாதம் என்பது செட்டிநாட்டுக்குக் கொடுமையான கணக்கு. ஆண்டுக்கு ஒரு முறை வருகிறவருக்கு விஷயம் தெரிவதற்குள் அது முடிந்துபோயிருக்கும். அப்புறம் பத்திரத்தைக் காட்டிப் போடும் முழு வழக்குதான் மிச்சம். அரசுக்கு எதிராக இந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

போலீஸ் ஏன் கை வைக்கவில்லை என்று பங்காளிகளுக்கு ஆத்திரம். குற்றவியல் அத்துமீறல் என்பது குற்றம் செய்யவோ, அனுபவத்தில் இருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ நுழைவது, அல்லது சட்டப்படி நுழைந்துவிட்டு அந்த நோக்கத்தோடு அங்கேயே தங்குவது. அன்றைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 441, 448 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு. முப்பது ஆண்டுக்கு முன் வீட்டுக்காரரே அழைத்து வந்த குடும்பம் என்றால் "இது சிவில் விவகாரம்" என்று காவல் துறை ஒதுங்கிக்கொள்வது வழக்கம். கைகலப்பு வரும் நிலை இருந்தால் கோட்டாட்சியர் முன் நடக்கும் நடவடிக்கை ஒன்று உண்டு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145, இப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 164-ஆம் பிரிவு). அதில் யார் சொந்தக்காரர் என்று பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு யார் அனுபவத்தில் இருந்தார், கடந்த இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்று மட்டுமே பார்ப்பார்கள். நம் வழக்குக்கு அது உதவாது.

ஒரு விஷயத்தில் மட்டும் போலீஸ் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னேன். வளவிலிருந்து இரண்டு நிலைக்கதவுகள் காணாமல் போயிருந்தன. செட்டிநாட்டுத் தேக்குக் கதவுக்கும் தூணுக்கும் எவ்வளவு விலை என்பது காரைக்குடிப் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அனுபவம் யாருக்கு என்பது சிவில் கேள்வி. காவலுக்கு ஒப்படைத்த பொருளை விற்றால் அது திருட்டோ நம்பிக்கை மோசடியோ ஆகும். சிவில் வழக்கு நடக்கிறது என்பதால் அந்தப் புகாரை ஒதுக்க முடியாது. பழைய படைப்புப் படங்களில் அந்தக் கதவுகள் தெளிவாகத் தெரிந்தன.

எந்த வழக்கு?

பங்காளிகளில் ஒருவர் வாடகைச் சட்டத்தில் போகலாமே என்றார். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது வாடகைதாரரை வெளியேற்றத்தான். இங்கே வாடகையே இல்லை. நாமே அவரை வாடகைதாரர் என்று எழுதிக் கொடுத்தால், இல்லாத உரிமையை நாமே அவருக்கு உண்டாக்கிக் கொடுத்ததாகும். சொத்து மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவின் 15 நாள் நோட்டீஸும் அதே காரணத்தால் பொருந்தாது.

காவல்காரர் சட்டத்தின் கண்ணில் வெறும் அனுமதியில் இருந்தவர். அவர் கையில் இருந்தது வீட்டுக்காரரின் அனுபவமே. 2012-ல் மரியா மார்கரிடா செக்வேரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் எங்களுக்கு அடித்தளம்: காவலாளி, பராமரிப்பாளர், வேலையாள் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்தச் சொத்தில் உரிமை பெற மாட்டார், கேட்டதும் திரும்பக் கொடுக்க வேண்டும், உண்மையான சொந்தக்காரருக்கு எதிராக அவருடைய இருப்பை நீதிமன்றம் காப்பாற்றக் கூடாது.

அப்படியென்றால் "அனுமதியை ரத்து செய்துவிட்டோம், வெளியேறச் சொல்லுங்கள்" என்று கட்டாயக் கட்டளை மட்டும் கேட்டால் போதாதா? 1985-ல் சந்த் லால் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது. கட்டணமும் குறைவு. ஆனால் அனுமதி முடிந்ததும் தாமதிக்காமல் வந்தவருக்குத்தான் அது பாதுகாப்பான வழி. இங்கே காவல்காரர் இறந்து மூன்று ஆண்டு ஆகிவிட்டது. மகன் சொத்தே தன்னுடையது என்கிறார், வரி ரசீதையும் காட்டுகிறார். சொத்துரிமையின்மேல் இப்படி நிழல் விழுந்த பிறகு வெறும் தடையோ கட்டளையோ கேட்டு நிற்பது ஆபத்து. 2008-ல் அனதுலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழியும் அதுதான்: உரிமையில் சர்ச்சை இருந்து, அனுபவமும் கையில் இல்லையென்றால், உரிமை விளம்புகையும் (சொத்து என்னுடையது என்று நீதிமன்றம் அறிவிப்பது) சுவாதீனமும் (சொத்தைக் கையில் ஒப்படைப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும்.

கட்டணம்தான் பங்காளிகளைத் தயங்க வைத்தது. சுவாதீனம் கேட்டால் சொத்தின் சந்தை மதிப்பின்மேல் கட்டணம். தமிழ்நாட்டில் 2017-ல் அதை 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தார்கள். அப்படியும் 60 லட்சம் மதிப்பென்றால் 1,80,000 ரூபாய் முதலிலேயே கட்ட வேண்டும். "குறைந்த கட்டணத்தில் ஏதாவது போடுங்களேன்" என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். கட்டணத்தைச் சிக்கனம் பிடித்துப் போட்ட வழக்குகள் பல ஆண்டுக்குப் பிறகு "சுவாதீனம் கேட்கவில்லை" என்ற ஒரே காரணத்தால் தள்ளுபடி ஆவதை இந்த வட்டாரத்தில் பார்த்தாகிவிட்டது. கடைசியில் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்டினார்கள்.

வழக்குக்கு முன் சேர்த்தவை

1941-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினையின் சான்றிட்ட நகல், வில்லங்கச் சான்று, மூத்த செட்டியார் பெயரில் இருந்த பட்டா, வாரிசுச் சான்றுகள். இவை எல்லாக் குடும்பத்திலும் கிடைக்கும். பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது, வீட்டுவரி ரசீதும் ஆகாது. இந்த உண்மை எங்களுக்கும் பொருந்தும், எதிர்த்தரப்புக்கும் பொருந்தும்.

உண்மையில் வழக்கை வென்று கொடுத்தது ஆச்சியின் அலமாரி. மூத்த செட்டியார் கணக்கு எழுதும் பழக்கமுள்ளவர். ஆண்டுக்கு ஒரு பேரேடு. அதில் மாதாமாதம் "வீட்டுக் காவல் சம்பளம்" என்ற வரி, பக்கத்தில் காவல்காரரின் பெயர். 2006-க்குப் பிறகு ஆச்சியின் வங்கிக் கணக்கு விவரத்தில் அதே பெயருக்குப் போன தொகைகள். கணக்கேட்டு வரி மட்டும் தனியாக ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்தப் போதாது என்பது சாட்சியச் சட்டம். வங்கி விவரம் கூடச் சேர்ந்ததும் அது அசையாத சாட்சி ஆனது.

அடுத்தது படைப்புக் கணக்கு. 2012-ல் இதே வளவில் படைப்பு நடந்திருந்தது. யார் யார் வந்தார்கள், என்ன செலவு, காவல்காரருக்கு என்ன வேட்டி என்பது வரை ஒரு நோட்டில் இருந்தது. படங்களும் இருந்தன. இது எவ்வளவு முக்கியம் என்று பங்காளிகளுக்கே தெரிந்திருக்கவில்லை. 2012 வரை வீட்டுக்காரர்கள் தடையில்லாமல் வந்து, வீடு முழுக்கப் புழங்கி, சாமி கும்பிட்டுப் போயிருக்கிறார்கள் என்றால், அதுவரை அங்கே யாரும் எதிரிடையாக அனுபவிக்கவில்லை என்றுதான் பொருள். செட்டிநாட்டுக் குடும்பங்கள் படைப்பு நோட்டையும் படங்களையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

மலேசியாவில் இருந்த பங்காளி பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும். பலர் அதை உறையோடு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். இன்னொன்று: பவர் வாங்கியவர் வழக்கை நடத்தலாம், ஆனால் பவர் கொடுத்தவருக்கு மட்டும் நேரில் தெரிந்த விஷயத்தை அவருக்குப் பதிலாக ஏறிச் சாட்சி சொல்ல முடியாது. 2004-ல் ஜான்கி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் இது முடிவான விஷயம். காவல்காரரை வைத்த கதை நேரில் தெரிந்தவர் ஆச்சி ஒருவர்தான். ஆகவே அவர் சாட்சி இல்லாமல் இந்த வழக்கு இல்லை.

பதிவுத் தபாலில், அனுமதியை ரத்து செய்து, வெளியேற நியாயமான அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பினோம். வந்த பதிலில், "எங்கள் தந்தைக்கு மூத்த செட்டியார் வாய்மொழியாகக் கொடுத்துவிட்டார்" என்று இருந்தது. அந்த ஒரு வரி பின்னால் எங்களுக்குப் பெரிதும் உதவியது.

2018 முடிவில் வழக்குத் தாக்கலானது. உரிமை விளம்புகை, சுவாதீனம், மேற்கொண்டு கட்டடத்தை மாற்றவோ பொருளை அகற்றவோ தடை, வழக்கு நாள் முதல் வீட்டை அனுபவித்ததற்கான இழப்பீடு ஆகிய நான்கும் கேட்டோம். கிடங்குக்காரரை இரண்டாம் பிரதிவாதியாகச் சேர்த்தோம். அவரை விட்டிருந்தால் தீர்ப்பு வந்த பிறகு கதவருகே "நான் வாடகைதாரர்" என்று நின்றிருப்பார். கூடவே வழக்கறிஞர் ஆணையர் கேட்டு மனு. யார் அனுபவத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஆணையரை அனுப்ப மாட்டார்கள். கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை தூண், எத்தனை கதவு, எங்கே புதுச் சுவர் என்று குறிக்க அனுப்புவார்கள். ஆணையர் படத்தோடு பட்டியல் எடுத்த பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு பலகைகூடப் போகவில்லை.

எதிர்த்தரப்பு சொன்னது

எதிருரையில் பல கதைகள் ஒன்றாக இருந்தன. மூத்த செட்டியார் வாய்மொழியாகத் தானம் கொடுத்தார். இல்லாவிட்டால் 12 ஆண்டுக்கு மேல் அனுபவித்ததால் எதிரிடை அனுபோகத்தில் உரிமை வந்துவிட்டது. அதுவும் இல்லாவிட்டால் ஓடு மாற்றி, கழிப்பறை கட்டிச் செலவு செய்திருப்பதால் அனுமதியை ரத்து செய்ய முடியாது. மேலும் எல்லாப் பங்குதாரரும் வாதியாகச் சேரவில்லை, வீட்டுப் பெண் வாரிசுகளைச் சேர்க்கவேயில்லை.

வாய்மொழித் தானம் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. சொத்து மாற்றுச் சட்டம் 123-ஆம் பிரிவுப்படி அசையாச் சொத்தைத் தானம் கொடுக்கப் பதிவுசெய்த பத்திரம் வேண்டும்.

எதிரிடை அனுபோகம்தான் எல்லோரும் பயப்படுவது. "பன்னிரண்டு வருஷம் இருந்தா வீடு அவனுக்கா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இல்லை, அப்படியில்லை. காலவரையறைச் சட்டம் 65-ஆம் இனத்தின்படி 12 ஆண்டு என்பது அவர் குடிவந்த நாளிலிருந்து ஓடுவதல்ல; அவருடைய அனுபவம் சொந்தக்காரருக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து ஓடுவது. அனுமதியில் வந்தவரின் அனுபவம் அனுமதியாகவே தொடரும். "இனி உங்களுக்கு உரிமையில்லை, இது என்னுடையது" என்று சொந்தக்காரர் அறியும்படி வெளிப்படையாக நின்ற நாள் எது என்று அவர்தான் காட்ட வேண்டும். இங்கே காகிதத்தில் முதலில் தெரியும் எதிர்ச்செயல் 2017-ஆம் ஆண்டு வரிப் பெயர் மாற்றம். வழக்கு அடுத்த ஆண்டே வந்துவிட்டது. தானமாக வந்தது என்பதும் எதிரிடையாக அனுபவித்தேன் என்பதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கொடுத்தார் என்றால் எதிர்ப்பு எங்கே? நோட்டீஸ் பதிலில் இருந்த அந்த ஒரு வரியைக் குறுக்கு விசாரணையில் காட்டியபோது மகனிடம் பதில் இல்லை.

அதற்காகச் சொந்தக்காரர்கள் அசட்டையாக இருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அனுமதியே இல்லாமல் அந்நியர் வந்து, வெளிப்படையாக, தொடர்ச்சியாக 12 ஆண்டு இருந்துவிட்டால் அதே காலவரையறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி சொந்தக்காரரின் உரிமையே அற்றுப்போகும். 2019-ல் ரவீந்தர் கௌர் கிரேவால் வழக்குக்குப் பிறகு அப்படி உரிமை பெற்றவர் தானே வாதியாக வந்து வழக்குப் போடவும் முடியும். இந்தச் சட்டத்தை மாற்றத் தேவையில்லை என்று சட்ட ஆணையமும் 2023-ல் தன் 280-ஆவது அறிக்கையில் சொல்லிவிட்டது. நேர்மையாகச் சொத்தை வைத்திருப்பவர் இழக்க, அத்துமீறியவர் பெறுவது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. ஆனால் இருக்கும் சட்டம் அது. ஆவணமில்லாமல் பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளுக்கு அதுதான் பெரிய ஆபத்து.

செலவு செய்தேன் என்பதற்கு 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் 60-ஆம் பிரிவைக் காட்டினார்கள். அனுமதியின் பேரில் நிலையான கட்டுமானம் எழுப்பிச் செலவு செய்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. காவலுக்கு வந்தவர் ஓடு மாற்றுவது அதில் வராது. ஓட்டுக்குப் பணம் அனுப்பியதே ஆச்சி என்பதும் வங்கி விவரத்தில் இருந்தது.

பெண் வாரிசு பற்றிய எதிர்ப்புக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. வளவுப் பங்கு ஆண் வழியில்தான் என்று ஊர் வழக்கம் சொல்லலாம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தந்தையின் பங்கில் மகளுக்கும் இடமுண்டு. தமிழ்நாட்டில் 1989 முதலும், நாடு முழுக்க 2005 முதலும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. பங்காளிகள் தயாரித்த வாரிசுப் பட்டியலில் அத்தைமார் பெயர்கள் விட்டுப்போயிருந்தன. உரிமையில்லாதவரை வெளியேற்றும் வழக்கை ஒரே ஒரு பங்குதாரர்கூட எல்லோருக்காகவும் நடத்தலாம் என்பது நிலைபெற்ற சட்டம், ஆகவே வழக்கு பாதிக்கவில்லை. ஆனாலும் திருத்த மனு போட்டு, "எல்லாப் பங்குதாரர்களின் நலனுக்காக" என்று எழுதி அவர்களையும் குறிப்பிட வைத்தேன். எதிரிக்காக அல்ல, அந்த அத்தைமாருக்காக.

ஆச்சியின் சாட்சி

ஆச்சியால் நீதிமன்றம் வர முடியாத உடல்நிலை. ஆணையர் வீட்டுக்கே போய்ச் சாட்சியம் பதிவு செய்ய உத்தரவு வாங்கினோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு மணி நேரம் கேட்டார். "2013-க்கு அப்புறம் சம்பளம் கொடுக்கலையே, அப்ப அவர் உங்க வேலையாள் இல்லதானே?" என்றதற்கு, "குடுக்காதது எங்க தப்பு. அதுக்காக வீடு அவங்களுதாயிருமா தம்பி?" என்றார். அது அப்படியே பதிவானது.

ஆச்சி சொன்னதன் முதல் பாதியும் உண்மைதான். அந்தக் காவல்காரர் 27 ஆண்டு மழையிலும் வெயிலிலும் அந்த வீட்டைக் காத்திருக்கிறார். கடைசி ஈராண்டுச் சம்பளம் அவருக்குப் போகவில்லை. அவர் இறந்தபோது பங்காளிகளில் ஒருவர்கூட வரவில்லை. சமரச மையத்துக்குப் போனபோது, பாக்கிச் சம்பளத்தோடு வேறு வீடு பார்த்துக்கொள்ள ஒரு நல்ல தொகையும் தரலாம் என்று நான்தான் பங்காளிகளைச் சம்மதிக்க வைத்தேன். மகன் வீட்டில் பாதி கேட்டார். பேச்சு முறிந்தது. அவர் அன்றைக்கு ஒப்புக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் ஆறு ஆண்டு மிச்சமாகியிருக்கும் என்று இன்னும் நினைக்கிறேன்.

தீர்ப்பும் அதற்குப் பிறகும்

இரண்டு வழக்குகளும் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. கொரோனா காலத்தில் பல மாதம் எதுவும் நகரவில்லை. 2022-ல் மகனின் தடை வழக்கு தள்ளுபடியாகி, எங்கள் வழக்கு எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. காவல்காரரின் இருப்பு வீட்டுக்காரருக்காகத்தான், மகனுக்குத் தந்தையைவிடப் பெரிய உரிமை வர முடியாது, கிடங்குக்காரர் மகன் வழியாக வந்தவர் என்பதால் அவருக்குத் தனி உரிமை கிடையாது என்று தீர்ப்பு சொன்னது. இழப்பீட்டுத் தொகையைத் தனி விசாரணைக்கு விட்டார்கள். முதல் மேல்முறையீடு அடுத்த ஆண்டு தள்ளுபடி. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் போட்ட இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியச் சட்டக் கேள்வி எதுவும் இல்லை என்று அனுமதி நிலையிலேயே முடிந்தது.

தீர்ப்பு வந்தால் சாவி வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நிறைவேற்று மனு போட வேண்டும். உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் 21-ஆவது ஆணை 35-ஆவது விதிப்படி நீதிமன்ற ஊழியரான அமீனா போய் ஒப்படைப்பு வாங்கித் தர வேண்டும். 2021-ல் ராகுல் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொன்னது. எங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது. அமீனா முதல் முறை போனபோது மகனின் மைத்துனர் ஒருவர் தனக்குத் தனி உரிமை இருப்பதாக மறித்தார். அவரது மனுவை அதே நிறைவேற்று நீதிமன்றம் விசாரித்துத் தள்ளியது. தனி வழக்குக்கு அனுப்பவில்லை. அடுத்த முறை பூட்டை உடைக்கவும் போலீஸ் பாதுகாப்புக்கும் முன்கூட்டியே உத்தரவு வாங்கிக்கொண்டு போனோம். 2025-ல் வீடு கைக்கு வந்தது. ஆணையரின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகச் சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போட்டோம்.

இழப்பீட்டு விசாரணை இன்னும் நடக்கிறது. முகப்புக் கிடங்கு வாடகைக்குக் கணக்குக் கேட்டிருக்கிறோம். அதிலிருந்து காவல்காரரின் பாக்கிச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். மற்றப் புள்ளிகளில் இருவருக்கு அதில் சம்மதமில்லை.

வீட்டுக்கு இப்போது வேறொருவர் காவல் இருக்கிறார். இந்த முறை முத்திரைத்தாளில் எழுதியிருக்கிறோம்: சம்பளத்துக்கு வேலை செய்பவர், தங்குவதற்கு அனுமதி பின்கட்டு அறை ஒன்றுக்கு மட்டும், அது வேலை முடியும் நாளில் முடியும், குடும்பத்தாருக்குத் தொடராது, யாருக்கும் உள்வாடகை விடக் கூடாது. சம்பளம் வங்கி வழியாகப் போகிறது. வரி ரசீதும் மின்கட்டணமும் பங்காளிகள் பெயரில் இருக்கின்றன. வரியைப் பழையபடி மாற்ற, தீர்ப்பின் நகலோடு மனு கொடுத்தாக வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எந்தப் புள்ளி வந்து பார்ப்பது என்று முறை போட்டு, வந்தவர் கையெழுத்திட ஒரு நோட்டு முகப்பில் வைத்திருக்கிறார்கள். வாரிசுப் பட்டியலில் அத்தைமார் பெயர்களும் ஏறியிருக்கின்றன.